முழுச் சாய்வில் ஒரு பம்ப்

பிப்ரவரி 3, திங்கள்

ஆயில் கடைக்காரர் வருஷா வருஷம் தைப் பொங்கலுக்குக் கொடுக்கிற டைரி இது. இதுவரை ஒன்றிலும் ஒரு வரி எழுதியதில்லை. பழையவை எல்லாம் ஆடுகிற பீரோவுக்கு அண்டை கொடுக்கத்தான் ஆயின. இந்த வருஷம் எழுதுகிறேன் என்றால், வீட்டில் சண்டை போட ஆள் இல்லை, அதுதான் காரணம்.

மேகலா போன புதன்கிழமை தாராபுரத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மேகலா என் தம்பி நவநீதனின் மனைவி. ஒரு கையில் பெட்டி, இடுப்பில் நான்கு வயது இனியா. சண்டை இல்லை, சத்தம் இல்லை. "கொஞ்ச நாள் அம்மாகூட இருந்துட்டு வர்றனுங் நங்கையா" என்றாள். எங்கள் பக்கம் புருஷனின் அக்காளை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் சரி என்றேன். அவள் போனபிறகு பார்த்தால் பிள்ளையின் மழைக்கோட்டு கொடியில் இல்லை. இந்தப் பொள்ளாச்சிச் சீமையில் மழைக்கு இன்னும் நாலு மாசம் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் இறந்தபிறகு நான் அப்பா வளவுக்கே திரும்பி வந்தேன். ஒரே வளவில் எனக்கு ஒரு வீடு, தம்பிக்கு ஒரு வீடு, பின்னால் எங்கள் இருவருக்கும் சொந்தமான பிரஸ் கொட்டகை. தேங்காய் மட்டையில் நார் உரித்தது போக மிஞ்சுகிற தூளைப் பித் என்போம். அதைக் காயவைத்து, அமுக்கி, அஞ்சு கிலோக் கட்டியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்குக் கொடுக்கிறோம். தம்பி மிஷின் ஓட்டுவான். மற்றதெல்லாம் நான். மற்றதெல்லாம் என்றால் மற்றதெல்லாம்தான்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவளும் பிள்ளையும் திரும்பி வரவேண்டும். தம்பி குடித்தனம் இப்படி அந்தரத்தில் நிற்பதை என்னால் பார்க்க முடியாது. அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதை நான் செய்வேன்.

மிஷினும் சேர்ந்து படுத்துகிறது. ஆயில் சூடு எழுபத்தெட்டு டிகிரி. டேங்கில் கை வைக்க முடியவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆயில் கூலரைக் கழற்றி அடைத்திருந்த பித் தூளை எல்லாம் ஊதித் தள்ளினேன். எழுபத்தேழு. இதற்கு ஊதாமலே இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 6, வியாழன்

ஆயிலையே மாற்றிவிட்டோம். புது ஆயில் ஊற்றிய முதல் நாள் மதியமே பழையபடி கொதிக்கிறது. ஆயில் கடைக்காரரை அழைத்து நாலு வார்த்தை கேட்டேன். கலப்படம் செய்கிறீர்களா என்று கேட்டேன். அவர் கொடுத்த டைரியிலேயே அவரைத் திட்டியதை எழுதுகிறேன்.

இந்த பிரஸ் போன வருஷம் ஒரு மூடிய கம்பெனியிலிருந்து வாங்கியது. அதற்கு முன்னால் எங்களிடம் இருந்தது கியர் பம்ப் வைத்த பழைய பிரஸ். கியர் பம்ப் ஒரு மூடன். சுற்றினால் தள்ளும், அவ்வளவுதான். எவ்வளவு வேண்டும் என்று அதற்குத் தெரியாது. மிச்ச ஆயிலை ரிலீஃப் வால்வு திறந்து டேங்குக்கே திருப்பி விடும். பிரஷர் கூட வேண்டுமா குறைய வேண்டுமா, அந்த வால்வின் திருகைத் திருகினால் போதும்.

இந்த பிரஸ்ஸில் இருப்பது பிஸ்டன் பம்ப். நான் பாலிடெக்னிக்கில் படித்தபோது இதைப் படத்தில்தான் காட்டினார்கள். ஒரு உருளையில் ஒன்பது பிஸ்டன்கள் வட்டமாக நிற்கும். உருளை சுற்றும்போது அவற்றின் பாதங்கள் ஒரு சாய்வுத் தட்டின்மேல் வழுக்கிக்கொண்டு வரும். சரிவான நிலத்தில் போட்ட குடைராட்டினத்தில் பிள்ளைகள் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்குவார்களே, அதேதான். இறங்கும்போது ஆயிலை உறிஞ்சும், ஏறும்போது தள்ளும். தட்டு எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு ஆயில். தட்டு நிமிர்ந்துவிட்டால், உருளை அதே வேகத்தில் சுற்றினாலும் ஆயில் வராது. அந்தச் சாய்வைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்கிற பம்ப் இது. வாங்கிய அன்று பெருமையில் தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஆயில் போகிற ரப்பர் ஹோஸ் ஒன்று வெடித்தது. சூடான ஆயில் நவநீதன் இடது கையில் அடித்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவன் ஒரு சத்தம் போடவில்லை, நான்தான் போட்டேன். திரும்பி வந்த அன்றைக்கே ரிலீஃப் வால்வைக் கழற்றாத குறையாகத் திருகி நூற்றெண்பது பாரில் வைத்தேன். இனி எது நடந்தாலும் பிரஷர் அதற்கு மேல் போகாது. கட்டிகள் கொஞ்சம் இளகலாக வந்தன. அமுக்கிப் பிடித்திருக்கிற நேரத்தை இரண்டு மடங்காக்கினேன், சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு ஹோஸும் வெடிக்கவில்லை. அதை எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 8, சனி

காலையில் தம்பிக்கு இட்லி கொண்டுபோய்க் கொடுத்து, அவன் சட்டைகளை வாரிக்கொண்டு வந்து துவைத்துப் போட்டு, மதியம் அரிசியும் பருப்பும் சேர்ந்த சாதம், ராத்திரிக்கு உப்புமா. மேகலா இருந்தபோதும் பாதி நாள் நான்தான் சமைத்துக் கொடுப்பேன். அவளுக்குக் கொள்ளுப் பருப்புக் கடையத் தெரியாது. தெரியாது என்று அவளிடம் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. நானே கடைந்து கொண்டுபோய் வைத்துவிடுவேன்.

மேகலாவிடம் நாளைக்குப் பேசப்போவதாக நவநீதன் சொன்னான். நான் அவள் அம்மாவிடமும் அண்ணனிடமும் ஏற்கெனவே பேசியாகிவிட்டது என்றேன். அவன் என்னைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், "அப்பச் சரி" என்றான். அவன் எப்போதும் அப்படித்தான். ஒரு காரியத்துக்கு அவனாக எழுந்திருக்க மாட்டான். நான் இல்லாவிட்டால் என்ன ஆவானோ.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

ஆட்களெல்லாம் பழனிக்கு நடக்கப் போய்விட்டார்கள். கொட்டகை மூடல். தாராபுரம் போய்வர நல்ல நாள் என்று நேற்றே முடிவு செய்து முறுக்குச் சுட்டு வைத்திருந்தேன்.

காலையில் பார்த்தால் நவநீதன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அக்கா, நானே போயிட்டு வர்றனே" என்றான். வெயில் எப்படி அடிக்கிறது. அந்தக் கையில் வெயில் பட்டால் இன்னும் எரிகிறது என்று அவனேதான் சொன்னான். போய் நின்றால் அவன் என்ன பேசுவான், வாயில் கொழுக்கட்டையை வைத்தாற்போல் நிற்பான். நீ படுத்து ஓய்வெடு, நான் பேசிக் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நல்ல மரியாதை. காப்பி கொடுத்தார்கள், இலை போட்டார்கள். இனியா ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள். மேகலா வெளியே வந்தாள், என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் கேட்டைப் பார்த்தாள். "வேற யாரும் வரலீங்ளா?" என்றாள். அவனுக்கு அசதி, படுத்திருக்கிறான் என்றேன். "செரீங்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் எவ்வளவு பேசியும் ஆமாங், இல்லீங் இரண்டுதான் அவள் வாயிலிருந்து வந்தது.

நான் என்ன குறை வைத்தேன் இந்தப் பெண்ணுக்கு? கல்யாணத்தில் இணைச்சீர்ச் சேலை கட்டிக்கொண்டு மணையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். தம்பி குடித்தனத்துக்குத் துணை நிற்பேன் என்று சபை பார்க்கத்தானே அந்தச் சீர்.

பிப்ரவரி 13, வியாழன்

பம்ப் போய்விட்டது. காலையிலிருந்தே கல்லை அரைக்கிற மாதிரி சத்தம். நிறுத்தச் சொல்லி ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே பித்தளைத் தூள் மினுமினுக்கிறது. மூக்குத்தி செய்யலாம் போல. நவநீதன் மிஷின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். அவன் மேல் தப்பில்லை என்று நானாகவே சொன்னேன்.

பம்பைக் கழற்றி வண்டியில் ஏற்றியாகிவிட்டது. கோயம்புத்தூர் கணபதியில் ஆரோக்கியசாமி பட்டறைக்குப் போகிறது. அவன் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். அப்போது என்னைவிட ஒரு மார்க் குறைவாகத்தான் வாங்குவான். இப்போது நாலு லேத் வைத்திருக்கிறான்.

பிப்ரவரி 15, சனி

ஆரோக்கியசாமி பம்பைப் பிரித்து மேஜைமேல் வெள்ளைத் துணியில் பரப்பி வைத்திருந்தான். ஒன்பது பிஸ்டன்களின் பாதங்களும் தேய்ந்து, ஓரம் கருகி இருந்தன. சாய்வுத் தட்டில் வட்டமாகக் கீறல். இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். அவன் தனியாக ஒரு சின்ன பிஸ்டனை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். சாய்வுத் தட்டைப் பின்னாலிருந்து தள்ளி நிமிர்த்துகிற பிஸ்டன் அது. ஒரு கீறல் இல்லை.

"மத்ததெல்லாம் தேஞ்சு நாறிக் கெடக்குது. இது மட்டும் பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி இருக்குது பாரு," என்றான். "இத்தனை மாசத்துல இது ஒருக்காகூட நகரல சாந்தாமணி. தட்டு நிமிரவே இல்லை. பிரஷர் எவ்வளவுல நிமிரணும்?"

காம்பன்சேட்டர் இருநூற்றுப் பத்தில் இருக்கிறது என்றேன். ஆயில் பிரஷர் இருநூற்றுப் பத்தைத் தொட்டதும் காம்பன்சேட்டர் என்கிற அந்தச் சின்ன வால்வு திறந்து, இந்தப் பிஸ்டனுக்கு ஆயில் அனுப்பி, தட்டை நிமிர்த்த வேண்டும். அப்போது பம்ப் கசிவுக்கு மட்டும் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டு, பிரஷரை விடாமல் பிடித்தபடி சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அமுக்கிப் பிடிக்கிற நேரமெல்லாம் அதற்கு ஓய்வு. இதை அவனுக்கு நானே பாடம் மாதிரி ஒப்பித்தேன்.

"ரிலீஃப் எவ்வளவுல வெச்சிருக்கறே?"

சொல்ல வாயெடுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நூற்றெண்பது. என் கையால் வைத்தது. கியர் பம்ப் காலத்துப் பழக்கம், பிரஷர் குறைக்கவேண்டும் என்றால் கை நேராக ரிலீஃபுக்குப் போகிறது.

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை எனக்கு இழுத்துப் போட்டான்.

"பாவம், அதுக்குப் போதும்னே தெரியல. இருநூத்திப் பத்துல அது தானா அடங்கும். நீ நூத்தியெண்பதுலயே கதவைத் திறந்து விட்டுட்டே. ஆயில் பூரா அந்த வழியா ஓடிருச்சு. பிரஷர் ஏறலே, இன்னும் வேணும்போலன்னு முழுச் சாய்வுலயே நின்னு இறைச்சுட்டே இருந்திருக்குது. அத்தனை வேலையும் சூடாப் போச்சு. நீ பிடிக்கிற நேரத்தை வேற கூட்டியிருக்கறே."

ரிலீஃப் எப்போதும் காம்பன்சேட்டருக்கு மேலே இருக்கவேண்டும். ஆபத்துக்கு மட்டும் திறக்கவேண்டும். இது மூன்றாம் செமஸ்டர்ப் பாடம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை சறுக்கினால் சத்தமாவது கேட்கும், நான் சறுக்கி மூன்றரை மாசமாக எனக்கே கேட்கவில்லை. ஆயில் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கோபம் இறங்கவே இல்லை. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. தம்பி கை வெந்து வந்து நின்றான். அக்காள் என்று ஒருத்தி இருந்தால் என்ன செய்வாள்? பிரஷரைக் குறைக்காமல் கூட்டியா வைப்பாள்? நல்லதுக்குத்தான் செய்தேன். நல்லதுக்குச் செய்தது பம்பை எரித்துவிட்டது. இரண்டும் உண்மைதான், இரண்டையும் எழுதிவிட்டேன்.

மதியம் தம்பிக்குக் கொள்ளுப் பருப்பு.

பிப்ரவரி 17, திங்கள்

மேகலாவுக்கு நானே போன் செய்தேன். பம்ப் கதையைச் சொல்லி, உன் வீட்டுக்காரனுக்கு மனசு சரியில்லை, நீ வந்தால் தேறிவிடுவான் என்றேன். சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே, மூன்று வேளையும் நான் பார்த்துக்கொள்கிறேன், துணிமணி வரைக்கும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். சத்தம் போடவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு மறக்கப்போவதில்லை.

"அதுதானுங் நங்கையா. நா அங்க இல்லைங்கறதே உங்க தம்பிக்குத் தெரியாதுங். சோறு வந்துருது, துணி வந்துருது. எங்கிட்டப் பேசவேண்டியதைக்கூட நீங்களே பேசிர்றீங்க. நா போனது அவிங்களுக்கு உறைக்கறதுக்கு நீங்க உடவே இல்லீங்ளே. கோவத்துல சொல்லலீங். உங்களக் கையெடுத்துக் கும்புடறனுங்."

வைத்துவிடட்டுங்களா என்று கேட்டுத்தான் போனை வைத்தாள். மரியாதைக்குக் குறைவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று யாரோடும் பேசவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

பம்ப் வந்தது. மாட்டினோம். கிளப்புமுன் பம்பின் உடம்புக்குள் ஆயிலை நிரப்ப வேண்டும், வறண்டு சுற்றினால் முதல் நிமிஷத்திலேயே போய்விடும். அதை நவநீதன் செய்தான். ஹோஸ்கள் எல்லாம் புதுசு. ஒவ்வொன்றின் மேலும் கனத்த உறை மாட்டியிருக்கிறது. வெடித்தாலும் ஆயில் ஆள்மேல் பீய்ச்சாது. தீபாவளிக்கே செய்திருக்க வேண்டியது இதைத்தான்.

ரிலீஃபை இருநூற்று முப்பத்தைந்துக்கு ஏற்றப்போகிறோம் என்றதும் அவன் தன் இடது கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டான். நான் வால்வைத் திருகுகிற ஆலன் கீயை எடுத்துக்கொண்டு, நீ தள்ளி நில் என்று சொல்ல வாயெடுத்தேன். கீயை அவனிடம் நீட்டினேன். ரிலீஃபைக் குறைத்தது நான்தான், பம்ப் எரிந்தது அதனால்தான் என்றும் சொல்லிவிட்டேன்.

"குறைச்சது தெரியும் அக்கா. சூடு அதனாலன்னு தெரியாது," என்றான். கீயை வாங்கிக்கொண்டு, "எங்கை வெந்ததுக்குத்தானே செஞ்சே" என்றான்.

அவனே திருகினான். நான் கேஜைப் படித்துச் சொன்னேன். முதல் கட்டிக்கு பிரஸ் இறங்கி அமுக்கியது. நூற்றெண்பது, நூற்றுத் தொண்ணூறு, இருநூறு. அவன் நெற்றியெல்லாம் வேர்வை. எனக்கும்தான். முள் இருநூற்றுப் பத்தைத் தொட்டது. சட்டென்று பம்பின் சத்தம் தாழ்ந்தது. முள் அங்கேயே அசையாமல் நின்றது, கட்டி அமுங்கிக்கொண்டிருந்தது, பம்ப் மூச்சு விடுகிற மாதிரி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கொட்டகையில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. பிரஸ் மேலே ஏறும்போது மறுபடி சத்தம் கூடியது, அமுக்கும்போது மறுபடி தாழ்ந்தது.

எனக்கு அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டேன். மிஷின் நன்றாக ஓடுகிறதே என்று அழுகிறேன் என்று நவநீதன் நினைத்திருப்பான்.

சாயங்காலம் ஆயில் சூடு ஐம்பத்திரண்டு.

பிப்ரவரி 21, வெள்ளி

காலையில் எனக்கு மட்டும் இட்லி ஊற்றினேன்.

எட்டரை மணிக்குச் சமையலறை வாசலில் வந்து நின்றான். சாப்பாடு இல்லையா என்று கேட்டான். இல்லை என்றேன். உடம்பு சரியில்லையா என்றான். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அடுப்பை எட்டிப் பார்த்தான். நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன், தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன். பிறகு அவன் பேக்கரிக்குப் போய்த் தேங்காய் பன்னும் டீயும் சாப்பிட்டதாக ஆட்கள் சொன்னார்கள்.

பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்ட மாதிரி இருக்கிறது எனக்கு. அவனுக்கு வயது முப்பத்தாறு.

பிப்ரவரி 22, சனி

தோசை வார்த்துத் தட்டில் போட்டு மூடி, அவன் வாசல்வரைக்கும் போனேன். உள்ளே குக்கர் விசில் கேட்டது. அவன் சமைக்கிறான். அடிப்பிடித்த வாசம் தெருவரைக்கும் வந்தது. கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன், இறக்கினேன். திரும்பி வந்து அந்தத் தோசையை நானே தின்றேன். ருசியே இல்லை.

பிப்ரவரி 24, திங்கள்

நேற்றுப் போட்ட சட்டையையே போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தான். காலரில் அழுக்கு வரி வரியாக இருக்கிறது. ஆட்கள் என்னைப் பார்க்கிறார்கள். அக்காளுக்கும் தம்பிக்கும் மனஸ்தாபம் என்று பேசிக்கொள்கிறார்களாம். பேசிவிட்டுப் போகட்டும், எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

மதியம் மிஷினை நிறுத்திவிட்டு அவன் மட்டும் கட்டிகள்மேல் உட்கார்ந்திருந்தான். கையில் இனியாவின் பாசிமணி ஒன்று. எங்கே கிடந்ததோ. அப்படியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் காலெல்லாம் அவனிடம் போகச் சொல்லித் துடித்தது. ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

காலையில் பைக் இல்லை. அவனும் இல்லை. என்னிடம் சொல்லவில்லை. முப்பத்தாறு வருஷத்தில் சொல்லாமல் அவன் வளவைத் தாண்டியது இதுதான் முதல் முறை. மிஷினை நானே ஓட்டினேன். போன் பையில் இருந்தது. எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்று எழுதுவது எளிது, அந்த மத்தியானம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 26, புதன், சிவராத்திரி

வரவில்லை. கோயிலுக்குப் போய் விளக்கு வைத்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்

மதியத்துக்குமேல் வந்தான். முகம் வெயிலில் கறுத்து, ஆனால் தெளிந்திருந்தது. என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அப்படி அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, எப்போதும் கதவில் சாய்ந்து நின்றுதான் பேசுவான்.

மேகலா வருகிறாள். அவர்கள் இரண்டு நாளும் பேசியிருக்கிறார்கள். முதல் நாள் அவள் வாசலில் நிற்கவைத்தே பேசினாளாம், இரண்டாம் நாள்தான் உள்ளே கூப்பிட்டாளாம். இதையெல்லாம் அவனே சொன்னான், நான் கேட்கவில்லை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆனா இங்க இல்லக்கா. பொள்ளாச்சியில வாடகைக்கு வீடு பாத்திருக்கறோம். நா தினமும் மிஷினுக்கு வந்துருவன்" என்றான்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. சொந்த வீட்டைப் பூட்டிப்போட்டுவிட்டு வாடகை வீடா? ஊர் என்ன சொல்லும்? நான் என்ன கடித்துத் தின்றா விடுவேன்? அத்தனையும் நாக்கு நுனிவரைக்கும் வந்து நின்றது. அவன் தரையிலிருந்து கண்ணைத் தூக்கி என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் பயம் இல்லை. என்னிடம் கெஞ்சவும் இல்லை. முடிவு செய்துவிட்டு வந்து சொல்கிறான்.

"செரி சாமி," என்றேன். "மாசியிலயே குடி போயிருங்க. பங்குனி பொறந்துட்டா ஆகாது."

மார்ச் 5, புதன்

இன்று பால் காய்ச்சினார்கள். விளக்கேற்ற நாத்தனார்தான் வேண்டும், வீட்டுக்காரர் இல்லாதவள் என்றெல்லாம் பார்க்கவேண்டாம் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன், ஏற்றினேன், பால் குடித்தேன், மதியத்துக்குள் வந்துவிட்டேன். சின்ன வீடு. சமையலறையில் இரண்டு பேர் நிற்கமுடியாது. பாத்திரங்களை மேகலா அடுக்குகிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கே எது என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

வளவில் இப்போது என் வீட்டு விளக்கு மட்டும்தான். வாசலில் இனியா ஓடுவாள் என்றுதான் அத்தனையும் ஆசைப்பட்டேன். அவள் ஓடுகிறாள், வேறு வாசலில். எனக்கு இது வலிக்கிறது. வலிக்கிறது என்று எழுதுவதில் வெட்கமில்லை.

மார்ச் 7, வெள்ளி

மேகலா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வரச் சொன்னாள். என்ன கொண்டுவரட்டும் என்றேன். "ஒண்ணும் வேண்டாமுங் நங்கையா. சும்மா வாங்க" என்றாள்.

சும்மா எப்படிப் போவது? எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கையில் பர்ஸும் பூவும் மட்டும். இரண்டு முறை பாதி வழியிலிருந்து திரும்பி வந்து முறுக்கு டப்பாவை எடுக்கப் பார்த்தேன். எடுக்கவில்லை.

என்னை முன்னறையில் உட்காரவைத்தார்கள். எழுந்து சமையலறைப் பக்கம் போனதற்கு இனியா கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தாள், அம்மா சொன்னாளாம். விருந்தாளியாக உட்காருவது எவ்வளவு கஷ்டமான வேலை என்று யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

நவநீதன் இலை போட்டான். மேகலா பரிமாறினாள். ரசம் அவன் வைத்தானாம். ஒரு வாய் குடித்ததும் தெரிந்துவிட்டது, உப்பு ஒரு பிடி கூட. புளியும் சரியில்லை. இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் குனிந்து சாப்பிட்டேன். கையை ஏந்தி இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். மேகலா தலையைத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. இந்தப் பெண் சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாளாகிறது.

கிளம்பும்போது இனியா என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அத்தே, நாளைக்கும் வருவியா?" என்றாள்.

வருவேன் கண்ணு என்று வந்துவிட்டது வாய்வரைக்கும். அவள் அம்மா கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"உங்கம்மா கூப்புட்டா வர்றன் சாமி," என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். தெருமுனைக்கு நான் போய்ச் சேருமுன் பின்னால் காலடி கேட்டது. அவளேதான், வெறுங்காலோடு வெயிலில் ஓடிவந்திருந்தாள். "நங்கையா," என்றாள், மூச்சு வாங்கியது. "எனக்கு அந்தக் கொள்ளுப் பருப்புக் கடையச் சொல்லிக் குடுங்க. நாங் கடையறன். நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க, போதும்."